அவையச்சமும் அன்றாட வாழ்வும்

'அவை' என்னும் சொல் கற்றோர் கூடிய மன்றத்தை மட்டும் குறிப்பதன்று. நால்வர் கூடி நம்மை நோக்கும் இடமெல்லாம் அவையே. வகுப்பறை ஓர் அவை. நியாயவிலைக் கடையின் வரிசை ஓர் அவை. திருமண விருந்தின் பந்தியும் ஓர் அவை. இவற்றுள் ஒன்றிலேனும் நாம் நாள்தோறும் நின்றாக வேண்டும். அங்ஙனம் நிற்பதற்கே நடுங்குவோர் நம்மிடையே உள்ளனர். அந்நடுக்கம் அவர்தம் கல்வியையும் பிழைப்பையும் எவ்வாறு அரிக்கின்றது, அதற்கு மருந்து யாது என்பனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடக்கமும் அச்சமும்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'அவை அஞ்சாமை' என 73ஆம் அதிகாரத்தை வகுத்துள்ளார். போர்க்களத்தில் உயிர்விடத் துணிவோர் பலர். அவையில் அஞ்சாது உரைப்போர் சிலரே என்பது அவர்தம் கணிப்பு. அவையஞ்சுவோன் கற்ற நூலைப் பகைவர் நடுவே கோழை ஏந்திய வாளுக்கு அவர் ஒப்பிடுகின்றார். அச்சம் அறியாமையினின்று பிறப்பதன்று, கற்றவரையும் அது பற்றும் என்னும் உண்மை இவ்வுவமையால் புலனாகின்றது.

அவையடக்கம் என்பது வேறு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், சூறாவளிக்கு எதிரே சிற்றெறும்பு விட்ட மூச்சினைப் போன்றது தம் பாடல் என்று அடக்கம் கூறுகின்றார். கூறிய பின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடவும் செய்கின்றார். அடக்கமுடையோர் தம் சிறுமையைச் சொல்லிக் கடமையைத் தொடர்வர். அச்சமுடையோர் கடமையையே விட்டு விலகுவர். இஸ்லாம் போற்றும் 'ஹயா' என்னும் நாணமும் தீயன செய்யக் கூசும் பண்பேயன்றி, நல்லன செய்ய நடுங்கும் நிலையன்று.

நோயின் இயல்பு

பிரெஞ்சு உளவியலறிஞர் பியேர் ஜானே 1903ஆம் ஆண்டிலேயே இவ்வச்சத்தைத் தனித்துச் சுட்டினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், தன் மூன்றாம் பதிப்பில் 'சோஷியல் போபியா' எனத் தனிப்பெயர் தந்தது. இன்று 'சமூகப் பதற்றக் கோளாறு' என்றும் இதனை வழங்குவர். பெரும்பாலோர்க்கு இது பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றது.

மேடை ஏறுமுன் நெஞ்சு படபடத்தல் எவர்க்கும் இயல்பு. பிறர் தம்மை எடைபோட்டு இகழ்வர் என்னும் அச்சம் மாதக்கணக்கில் நீங்காமல் நின்று, அன்றாடக் கடமைகளைத் தடுக்குமாயின் அது நோயாகின்றது. அப்போது உடல் ஆபத்தை எதிர்கொள்வதுபோல் ஆயத்தமாகின்றது. நா வறளும், கை நடுங்கும், முகம் வியர்க்கும், குரல் கம்மும். இக்குறிகளைப் பிறர் கண்டுவிடுவரோ என்னும் எண்ணம் பதற்றத்தை மேலும் பெருக்கும். அவ்விடத்தை விட்டு அகன்றவுடன் மனம் ஆறுதலடையும். இந்த ஆறுதலே நோய்க்கு உரமாகின்றது. 'விலகினேன், பிழைத்தேன்' என்று மனம் கற்றுக்கொள்வதால் அடுத்த முறை அச்சம் மேலும் வளர்கின்றது.

ஒரு மாணவரின் நிலை

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவர் பயின்றார். வியாசர்பாடியை அடுத்த எம்.கே.பி. நகர் அவர் வாழிடம். தந்தையார் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர். எழுத்துத் தேர்வில் முதல் ஐவருள் ஒருவராக வருவார். கருத்தரங்கக் கட்டுரை படிக்கும் நாளில் மட்டும் வரமாட்டார். அதனை நான் சோம்பல் என்று கருதினேன். ஒரு நாள் வகுப்பின் நடுவே அவரை எழுப்பி, "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அதன்பின் இரண்டு வாரம் அவர் கல்லூரிக்கே வரவில்லை.

அவர்தம் தாயார் என்னைத் தேடி வந்தார். "கடைக்கு அனுப்பினாக்கூட சீட்டுல எழுதினு போய்த்தான் சார் நீட்டுவான்" என்றார். பிறவற்றையும் சொன்னார். பேருந்து தம் நிறுத்தத்தில் நில்லாது போனால், குரல் கொடுக்க அஞ்சி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாராம். உறவினர் இல்லத் திருமணத்தில் பந்தியில் அமராமல் பசியோடு திரும்புவாராம். ஓர் உதவித்தொகை நேர்காணலுக்குச் சென்றவர் வாயில் வரை போய்த் திரும்பிவிட்டார். அவ்வாண்டுக் கட்டணத்தைத் தந்தையார் கடன் வாங்கிக் கட்டியிருக்கின்றார். அச்சமின்மையைப் பாடிய மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கிய நகரில், தன் பெயரைச் சொல்லவும் அஞ்சிய பிள்ளை ஒருவன் வளர்ந்திருக்கின்றான். ஆசிரியனாகிய நான் அவ்வச்சத்தை மேலும் ஒரு படி உயர்த்தியிருந்தேன்.

காந்தியடிகளின் சான்று

இவ்வச்சத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறையாது எழுதியவர் காந்தியடிகள். இலண்டனில் பயின்ற நாளில் ஒரு தாளில் எழுதிய சிற்றுரையையும் அவரால் படிக்க இயலவில்லை, கண் மங்கிற்று, உடல் நடுங்கிற்று, உடனிருந்தவரே படித்தார். நாடு திரும்பிப் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கிற்கு எழுந்தபோது, குறுக்கு விசாரணைக்கு ஒரு வினாவும் தோன்றவில்லை. 30 ரூபாய்க் கட்டணத்தை விட்டுவிட்டு வெளியேறினார்.

1893இல் பிரிட்டோரியாவில் சேட் ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூசப் இல்லத்தில், பெரும்பாலும் மேமன் வணிகர்கள் கூடிய சிறு கூட்டத்தில் அவர் பேசினார். அதனையே தம் முதல் பொதுவுரை என்று குறிக்கின்றார். ஆயினும் அச்சம் அன்றே அகன்றுவிடவில்லை. 1896 செப்டம்பரில் பம்பாய்க் கூட்டத்தில் குரல் எழாமையால் அவருரையை வாச்சா என்பார் படிக்க நேர்ந்தது. அடுத்த மாதமே சென்னை ஜார்ஜ் டவுனில், பச்சையப்பன் மண்டபத்தில் அவர் பேசியபோது மக்கள் ஒவ்வொரு சொல்லையும் ஊன்றிக் கேட்டனர். நேட்டாலில் முதலாளியால் அடிபட்டு வந்த பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியின் வரலாறு அவையை உருக்கிற்று.

காந்தியடிகளுக்கு இருந்ததை நோயென்று பெயரிடுதல் நம் பணியன்று. எனினும் இரு செய்திகள் நோக்கத்தக்கன. அவர் பழகியது முதலில் ஒரு சிறிய, அன்பான அவையில். பின்னர் அவர் கொண்ட கருத்து தம் குரலின் மீதன்று. பாலசுந்தரத்தின் துயரத்தின் மீது. தன்னையே உற்று நோக்கும் கவனத்தைப் புறத்தே திருப்புதல், இன்றைய உளச்சிகிச்சையிலும் முதன்மையான பயிற்சியாகும்.

தீர்வு

சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சை இந்நோய்க்கு நற்பயன் தருகின்றது. அஞ்சும் சூழல்களை எளிதிலிருந்து அரிதுக்குப் படிகளாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் பதற்றம் தணியும் வரை நின்று பழகுதலே அதன் அடிப்படை. தேவைப்படின் மருத்துவர் மருந்தும் தருவார். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. வடசென்னை மக்களுக்கு அண்மையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் உள்ளது. 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் சென்றால் பித்தன் என்பரோ என்னும் தயக்கத்தைப் பெரியோர்களே முதலில் நீக்கவேண்டும்.

மூஸா நபி (அலை) அவர்கள் பிர்அவ்னின் அவைக்கு அனுப்பப்பட்டபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும், தம் சகோதரர் ஹாரூனைத் துணையாக்குமாறும் இறைவனிடம் வேண்டினார்கள். குறையை வெளிப்படச் சொல்வதும் துணை கேட்பதும் இழிவல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அம்மாணவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மருத்துவ ஆலோசனையோடு, முதலில் என் எதிரே தனித்து ஒரு பத்தி படித்தார். பின்னர் இரு நண்பர்கள் முன். பின்னர் பத்துப்பேர் முன். மூன்றாமாண்டு இறுதியில் வகுப்பு முழுதும் இருக்க ஐந்து நிமிடம் கட்டுரை படித்தார். தாள் இறுதிவரை நடுங்கிக்கொண்டேயிருந்தது, அவர் நிறுத்தவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவையில் அஞ்சாதிருத்தல் பேசுவோர் கடமை என்று நூல்கள் கூறும். அஞ்சுவோர் பேசத்தக்கதாக அவையை அமைத்தல் கேட்போர் கடமையாகும். ஆசிரியர்களும் பெற்றோர்களும் மாணவ நண்பர்களும் இதனை நினைவிற்கொள்வார்களாக.