பாறையின் நுண்டுளைகளும் அவற்றைக் காணும் முறையும்

பூமியினடியில் எண்ணெய் ஓர் ஏரியைப்போல் தேங்கி நிற்கின்றதென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மை அஃதன்று. மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் உள்ள, கண்ணுக்குப் புலனாகாத துளைகளிலேயே அது தங்கியுள்ளது. பெட்ரோலியம் என்னும் சொல்லுக்குக் கல்லெண்ணெய் என்பதே பொருளாதலின், பெயரிட்டோர் நம்மினும் நன்கறிந்தவர் போலும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் பெரீயா என்றோர் ஊர் உண்டு. அப்பகுதியின் மணற்கல் முன்னாளில் சாணைக்கல்லாகப் பயன்பட்டது. பின்னர்ப் பாறைகளை ஆராய்வோர்க்கு உரைகல்லாயிற்று. அதன் பருமனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வெற்றிடம். ஆயினும் வெற்றிடத்தின் அளவை மட்டும் அறிந்து பயனென்னை? அறைகள் பல இருந்தும் வாயில்கள் அடைபட்ட மாளிகையினின்று ஒருவரும் வெளியேற இயலாதன்றோ? துளைகளை இணைக்கும் கழுத்துக்கள் எத்துணைக் குறுகியவை என்பதே எண்ணெய் வெளிவருமா, உள்ளேயே சிக்கிக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிப்பது. நார்வே நாட்டார் 1996ஆம் ஆண்டில் ஸ்லைப்னர் என்னுமிடத்துக் கடலடி மணற்படுகையினுள் கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கினர். அவ்வாறு புதைத்த வாயு புதைத்தவிடத்தே நிற்குமா என்னும் வினாவும் இதனைச் சார்ந்ததே.

மணலினூடே நீர் செல்லும் அளவைப் பற்றிய விதியைப் பிரான்சு நாட்டுத் தார்சி என்பார் 1856இல் வெளியிட்டார். எவ்வளவு செல்லுமென்பதை அது கூறும். எவ்வழியே என்பதைக் கூறாது. வழியைக் காணக் கல்லை அறுப்போமாயின் வழியே சிதைந்துவிடும்.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியது மருத்துவர்களின் யந்திரம். 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த பொறி, எக்ஸ் கதிர்களால் ஒரு நோயாளியின் மூளையை அறுவையின்றியே படமெடுத்தது. அம்முறையையே கல்லுக்கும் கையாள்கின்றனர். இங்கே கல் சிறிது சிறிதாகச் சுழல, பல கோணங்களிலும் விழும் நிழல்களைக் கணிப்பொறி ஒன்றுசேர்த்து முழு உருவமாக்குகின்றது. ஒவ்வொரு புறமும் 5 மில்லிமீட்டர் கொண்ட துண்டை 2,000 கூறாகப் பகுத்தால், ஒரு கூறு 2.5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நானூற்றிலொரு பங்கு. துண்டு முழுதும் 800 கோடிச் சிறு கனசதுரங்களாகின்றது!

இனித்தான் சங்கடம் பிறக்கின்றது. படத்தில் கல் வெளுத்தும் துளை கறுத்தும் தோன்றும். இரண்டும் கூடும் ஓரமோ சாம்பல் நிறம். எந்நிறம் வரை துளை, எதற்கு மேல் கல் என்று எல்லை வகுப்பவர் மனிதரே. நான்கு கனசதுர அகலமுள்ள ஒரு கழுத்தில், இருபுறமும் ஒவ்வொன்றைக் கல்லெனப் பிழைபடக் கொண்டனர் என்க. விட்டம் பாதியாயிற்று. அதே அழுத்தத்தில் அதனூடே செல்லும் நீரோ பாதியன்று, 16இல் ஒரு பங்கே. வெற்றிடக் கணக்கில் அற்பமாய்த் தோன்றும் பிழை, ஓட்டக் கணக்கில் இத்துணைப் பெரிதாகின்றது. ஆதலின், கணிப்பொறி உரைத்ததை அக்கல்லிலேயே திரவத்தைச் செலுத்தி அளந்த அளவோடு ஒப்பிட்ட பின்னரே விஞ்ஞானிகள் நம்புவர்.

மணற்கல்லில் இம்முயற்சி பெரும்பாலும் கைகூடுகின்றது. சுண்ணாம்புக்கற்கள் பலவற்றிலோ துளைகளிற் பல அச்சிறு கனசதுரத்தினும் நுண்ணியவை. அவை கறுப்பாகவும் தோன்றாமல் வெளுப்பாகவும் தோன்றாமல் படத்தில் சாம்பலாகவே நின்றுவிடுகின்றன.