நீரும் நிறையும்

உடல் மெலிய விரும்புவோர்க்கு இன்று ஊர்தோறும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுண்டு. நாள்தோறும் எட்டுக் குவளை தண்ணீர் பருகினால் கொழுப்புத் தானே கரையும் என்பதே அது. செலவற்ற மருந்தாதலின் கேட்டவுடன் மனம் இசைந்துவிடுகிறது. ஆயின், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் ஒரு கிணற்றருகே நின்று இதனை எண்ணிப் பார்ப்போமானால், அவ்வறிவுரை கேளாது விட்ட கேள்வியொன்று புலனாகும்.

முதலில் எட்டுக் குவளையைப் பார்ப்போம். 1945ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, போசணைச் சபை, வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் நீர் தகும் என்றது. அதிற் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே அடங்கியுள்ளது என்றும் உடன் கூறியது. உலகம் முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை மறந்தது. நாம் உண்ணும் சோற்றில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு நீரே. எட்டுக் குவளை எல்லார்க்கும் வேண்டுமென்பதற்குத் தக்க சான்றில்லை என்று 2002ஆம் ஆண்டில் வால்ற்றின் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் ஆராய்ந்து எழுதினார்.

இனி நிறைக்கு வருவோம். தண்ணீர் கொழுப்பைக் கரைப்பதில்லை. வெயிலில் தோட்டஞ்செய்தவர் மாலையில் நிறை குறைந்து காணப்பட்டால், குறைந்தது வியர்வை. நீர் அருந்தியதும் அது மீளும். எனினும் நீர் முற்றும் பயனற்றதன்று. 2010ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உணவைக் குறைத்துக்கொண்ட முதியோருள் ஒருசாரார் உண்ணுமுன் அரை லீற்றர் நீர் பருகினர். பன்னிரண்டு வாரத்தில் அவர்கள் மற்றையோரிலும் ஏறத்தாழ 2 கிலோ மிகுதியாக மெலிந்தனர். வயிறு நிறைந்தமையால் உணவு குறைந்திருக்கலாம்.

இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீரை நாளுக்கு ஐந்து முறை அருந்துபவர், அச்சீனியால் மட்டும் ஏறத்தாழ 160 கலோரி பெறுகிறார். அவ்விடத்தில் வெறுந் தண்ணீர் அமர்ந்தால் அத்தனையும் மீதம். நீர் உடலை மெலிவிப்பது, இனிப்பின் இடத்தைத் தான் பற்றிக்கொள்வதனாலேயே எனலாம். அங்ஙனம் பற்ற வேண்டுமாயின், வீட்டுக் கிணறு நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டாவோ?

அனல்மின் நிலையத்தால் நாடறிந்த நுரைச்சோலைக்கு மேற்கே கடல். கிழக்கே புத்தளம் களப்பு. இடையே மணலினுள் பெய்த மழை, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாய் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நீரியற் கணக்கு. மேலே ஓரடி தாழ்ந்தால் கீழே உவர் நாற்பதடி ஏற முயலும். இந்நீரை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன.

மணல் நீரை எளிதில் உட்கொள்வதுபோலவே பசளையையும் உட்கொள்கிறது. பயிர் ஏற்காத நைதரசன், நைத்திரேற்றாகிக் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. கற்பிட்டிப் பகுதியின் பல கிணறுகள் இவ்வரம்பைக் கடந்துள்ளமையை 1980கள் முதலான ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால் பச்சிளங் குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தாலும் நீங்காது, நீர் ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே, ‘எத்தனை குவளை?’ என்பதற்கு முன்னர் ‘எந்த நீர்?’ என்று கேட்பதே முறை. வெயிலில் உழைக்கும் மக்களைக் குறைவாகப் பருகுக என்று தடுத்தல் தகாது. நல்ல நீர் கிட்டாதவன் நாவறட்சியைப் போத்தற் பானத்தால் தணித்தால், அவனைக் கடிவதும் நீதியன்று. கிணற்று நீரைப் பரிசோதித்தல், பயிருக்கு வேண்டிய அளவே பசளையிடுதல், குழந்தைக்குத் தூய நீரைத் தனியே வைத்தல், குழாய்நீரை இல்லந்தோறும் கொண்டுசேர்த்தல் ஆகியனவும் உடல்நலப் பாடத்தின் பகுதிகளே. பாடசாலைகளில் நீர் பருகும் நன்மையைப் போதிக்கும் ஆசிரியர், மாணவரை ஊர்க் கிணற்றைப் பற்றியும் வினவச் செய்வாராக. உடலின் நிறையை ஒருவர் தனியே குறைக்கலாம். ஊரின் நீரை எல்லாரும் கூடியே காத்தல் வேண்டும்.