முட்டுக்கட்டையும் சிவப்புப் பொத்தானும்



சித்திரைத் திருவிழாவில் மதுரையின் மாசி வீதிகளில் தேர் அசைந்து வரும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். தேரை நிறுத்துவோரோ, முட்டுக்கட்டையுடன் சக்கரத்தின் அருகே செல்லும் ஒரு சிலரே. அக்கட்டையைச் சக்கரத்தின் முன் இட்டவுடன், சக்கரம் அதன்மேல் ஏற முயன்று, வேகம் குன்றி நின்றுவிடும். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடையூறு. தேருக்கோ அதுவே காவல்.

ஆயினும், கட்டை இடுபவரின் கை சற்றே தாமதித்தால் தேர் நிற்காது. மனிதர் தவறினாலும், மின்சாரம் நின்றாலும் தானே பிடித்துக்கொள்ளும் தடை ஒன்று வேண்டாமா?

அதற்கு ரயில்வண்டி வழிகாட்டியது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை அமைத்தார். காற்றைச் செலுத்தினால் அது பிடிக்கும். குழாய் அறுந்தாலோ பயனற்றுப் போகும். ஆகவே 1872-இல் அம்முறையைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் உள்ளவரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் தானே பிடிக்கும். ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் இத்தத்துவத்தினாலேயே.

பொழுதுபோக்குப் பூங்காக்களின் பொறிகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. பல பொறிகளில் வலிய சுருள்வில் பிரேக்கை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும். காற்றழுத்தமோ மின்சாரமோ அதனை விலக்கினாலன்றிப் பொறி நகராது. சிவப்பு நிற அபாயப் பொத்தானை அழுத்தினால் அவ்விலக்கும் ஆற்றல் துண்டிக்கப்படுகிறது. சுருள்வில் தன் வேலையைச் செய்கிறது.

மேடும் பள்ளமுமாக ஓடும் ரோலர் கோஸ்டரில் ஒரு வியப்பு உண்டு. பெரும்பாலும் பிரேக் வண்டியில் இராது. தண்டவாளத்திலேயே சில இடங்களில் அமைந்திருக்கும். ஆதலால் பொத்தானை அழுத்திய கணமே வண்டி நிற்பதில்லை. அடுத்த பிரேக் உள்ள இடத்தை அடைந்தே நிற்கும். உயரத்திலிருந்து விழும் சில பொறிகளில் நிலைக்காந்தங்கள் உள்ளன. அவற்றினிடையே உலோகத் தகடு பாயும்போது, தகட்டில் சுழல் மின்னோட்டம் எழுந்து இயக்கத்தை எதிர்க்கும். வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. ஆனால் நின்றபின் எதிர்ப்பும் மறையும். அசையாமல் பிடித்து வைக்க வேறு பிரேக் வேண்டும்.

உடனே நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர். அதனை 2 நொடியில் நிறுத்தினால், உடலின்மீது ஏறத்தாழ அதன் எடையில் பாதியளவு விசை தாக்கும். ஐந்தில் ஒரு பங்கு நொடியில் நிறுத்தினாலோ அவ்விசை எடையைப்போல் ஐந்து மடங்காகும். வண்டி பிழைக்கும், அமர்ந்திருப்போர் காயமுறுவர்.

தமுக்கம் மைதானத்தில் நெடுங்காலம் நடைபெற்று வந்த சித்திரைப் பொருட்காட்சியில் பலரும் ஏறிய ராட்டினத்தை எண்ணிப் பாருங்கள். தொட்டில்களில் ஒரு பக்கம் மட்டும் ஆட்கள் நிறைந்தால், மோட்டார் நின்றதும் கனமான பக்கம் தானே கீழிறங்கப் பார்க்கும். ராட்டினக்காரர் ஆட்களை எதிரெதிரே பிரித்து அமர்த்துவதன் காரணம் இதுவே.

நிறுத்துவதோடு கடமை முடிவதில்லை. 2025 மே மாதம் சென்னையை அடுத்த இஞ்சம்பாக்கத்தில், பூங்காப் பொறி ஒன்று உயரத்திலேயே நின்றுவிட, அதிலிருந்தோரைத் தீயணைப்புத் துறையினர் சில மணி நேரத்திற்குப் பின் பத்திரமாக இறக்கினர். அந்தரத்தில் நின்றோரைக் கீழே கொணரும் வழியும் முன்னரே வகுக்கப்பட வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

சுருள்வில் தளரும், பிரேக் கட்டை தேயும். நாள்தோறும் முதலில் ஆளின்றி ஓட்டிச் சோதித்த பின்னரே மக்களை ஏற்ற வேண்டும். இனி நீங்கள் ராட்டினத்தில் ஏறுமுன், அதை இயக்குபவர் தம் இடத்தில் இருக்கிறாரா, பொத்தான் அவர் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையெனில், ஏறாமல் திரும்புவதே அறிவுடைமை.