உங்களுக்குத் தெரியுமா? வெயில் ஊருக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்

“டபுள் கிளாஸ் ஜன்னல் போட்டா சூடே உள்ள வராதாமே?” விக்கிரவாண்டிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. பணத்தைக் கொட்டுவதற்கு முன் சில விஷயங்கள்.

● இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்டிருக்கும் உலர்ந்த காற்றோ ஆர்கான் வாயுவோதான் வெப்பத்தைத் தடுக்கிறது. உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 5 என்று 25 டிகிரி வித்தியாசம் உள்ள குளிர் நாடுகளில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. நம் கத்திரி வெயிலில் வெளியே 38, ஏசி அறைக்குள் 26 என்றால் வித்தியாசம் வெறும் 12. ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைக்கும் வீட்டில் அதுவும் இல்லை.

● ஒரு சின்னக் கணக்கு. மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் சுமார் 400 வாட்டை உள்ளே விடும். பூச்சு எதுவும் இல்லாத இரட்டைக் கண்ணாடி 350 விடும். வெளிக்காற்றின் சூட்டால் வருவது ஒற்றையில் 70, இரட்டையில் 35. ஆக 470 வாட் 385 ஆகிறது, அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கினால் அந்த 400 வாட்டின் பெரும்பகுதி வீட்டைத் தொடுவதே இல்லை. உள்பக்கம் திரைச்சீலை போட்டுப் பயன் குறைவு; வெயில் அதற்குள் அறைக்கு வந்துவிட்டது. சன்ஷேடும் மேற்கில் கைகொடுக்காது. 4 மணி வெயில் தாழ்வாக வந்து அதன் அடியில் நுழைந்துவிடும். தட்டி, மரம், கொடிப்பந்தல் மூன்றில் ஏதாவது ஒன்று வேண்டும்.

● ஏப்ரல் 21 வாக்கில் ஒரு நாள், ஆகஸ்ட் 21 வாக்கில் ஒரு நாள், நண்பகலில் விக்கிரவாண்டியில் நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. சூரியன் நேர் உச்சியில். அந்த நாட்களில் வெயிலை முழுசாக வாங்குவது மொட்டை மாடி. ராத்திரி 9 மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்குகிறதே, பகலெல்லாம் தளம் குடித்த வெயில் அது. என்னைக் கேட்டால் முதல் செலவு மாடிக்குத்தான்: சுருக்கி (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) போட்டு மேலே தட்டோடு, அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு.

● விக்கிரவாண்டியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி ‘கோல்கொண்டே’. கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, 1937இல் வேலையைத் தொடங்கினார்கள். அறைகளுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவர் முழுக்கத் திருப்பி மூடக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பலகைகள். வெயில் நிற்கும், காற்று நுழையும். இரட்டை அடுக்கை அவர்கள் வைத்த இடம் கூரை. தட்டையான தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்று இடைவெளி. அந்த இடைவெளி நம் ஊரில் எங்கே இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கே சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

● வீடுகளுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதிகள், நம்மைப்போன்ற புழுக்கமான பகுதிகளில் திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது இருக்கச் சொல்கின்றன. 150 சதுர அடி அறைக்கு 25 சதுர அடி. இரட்டைக் கண்ணாடியோடு விற்கும் ஸ்லைடிங் ஜன்னல்களில் இரண்டு கதவு வகை பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

● குளிர் நாடுகளில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். நம் ஊரில் ஏசியை மிகவும் குறைத்து வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மூட்டம் தெரிந்தால் ஓரத்துச் சீல் விட்டுவிட்டது என்று அர்த்தம். துடைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

● சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் லாரி இரைச்சலுக்காக வாங்குகிறீர்களா? இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனாக வேண்டாம். ஒன்று தடிமன் கூடுதலாகவோ, நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையாகவோ இருந்தால் சத்தம் நன்றாக அடங்கும்.

● பெரிய மேற்குக் கண்ணாடி, நாள் முழுக்க ஏசி, வெளியே நிழலுக்கு வழியில்லை. அப்படிப்பட்ட அறைக்கு இரட்டைக் கண்ணாடி தகும். ஆனால் வெயிலைத் தடுக்கும் லோ-ஈ பூச்சோடு. பூச்சு சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று அறிய, கடையில் செல்போன் விளக்கை வெளிப்பக்கத்திலிருந்து பிடித்துப் பாருங்கள். 4 பிம்பம் தெரியும். அதில் நிறம் மாறித் தெரிவது உங்கள் பக்கத்திலிருந்து இரண்டாவதாக இருக்க வேண்டும். மூன்றாவதாக இருந்தால் அது குளிர் நாட்டு அமைப்பு.