பாக்கியல்ல, காணிக்கை



காணிக்கையோடு வரும் கடிதங்களில் சில எங்களை மிகவும் கலங்கப்பண்ணுகின்றன. தசமபாகம் சில மாதங்களாகப் பாக்கி, அதனால்தான் பிள்ளைக்குச் சுகமில்லை, ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறோம் என்று எழுதுகிறார்கள். வார்டிலும் இதே கேள்வியைக் கேட்கிறோம். உபவாசம் தவறியதற்காகவா இந்த வியாதி என்று நோயாளிகள் அழுகிறார்கள். பயத்தினால் வரும் பணமும் மருந்து வாங்க உதவும் என்பது மெய்தான். ஆனாலும் அந்தப் பயத்தை வளரவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ள எங்களுக்கு மனமில்லை.

பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள். அவன் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார் (யோவான் 9-ஆம் அதிகாரம்).

கட்டளைகளை நுணுக்கமாய்க் கைக்கொண்டவர்களில் ஜான் வெஸ்லிக்கு இணையானவர் குறைவு. 1729 முதல் ஆக்ஸ்போர்டில் சிறு குழுவாகக் கூடி, புதன், வெள்ளிக்கிழமைகளில் உபவாசித்து, சிறைக்கைதிகளைச் சந்தித்து, நேரத்தைக் கணக்கிட்டு வாழ்ந்தார். பிறர் கேலியாக வைத்த பெயர்தான் மெத்தடிஸ்ட். 1735-ல் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகப் புறப்பட்டார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல் அடித்தபோது, ஜெர்மானிய மொரேவிய சகோதரர்கள் அமைதியாய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஒழுங்கோடு வாழ்ந்த குருவானவரோ சாவுக்குப் பயந்தார்! ஊழியமும் அங்கே தோல்வியாகவே முடிந்தது. 1738 மே 24 அன்று மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்தார். கிறிஸ்து ஒருவரையே நம்பும் நிச்சயம் அப்பொழுதுதான் வெஸ்லிக்கு உண்டாயிற்று. குருப்பட்டம் பெற்று அப்போது ஏறக்குறைய 10 வருடங்கள் ஆகியிருந்தன.

அப்படியானால் உபவாசத்தை விட்டுவிட்டாரா? இல்லை. 1743-ல் தம் சங்கங்களுக்கு ஒழுங்குகளையே எழுதிக் கொடுத்தார். முன்பு தேவன் தம்மை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதற்காகச் செய்தார். பின்போ, ஏற்றுக்கொள்ளப்பட்டதினால் செய்தார். 1746-ல் லண்டன் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். மறுவருடம் எளியோருக்கான வைத்திய நூலும் வெளியிட்டார். அதிலுள்ள சில மருந்துகளைப் பார்த்தால் நம் டாக்டர்கள் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியிலும் இந்த வரிசைதான். சுகமான பிறகு வா என்று எந்த நோயாளியையும் வாசலில் திருப்பி அனுப்புவதில்லை. காசநோய்க்காரர் 6 மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிடவேண்டும் என்பதில் நர்சுகள் மகா கண்டிப்பானவர்கள். ஆனால் அந்தக் கண்டிப்பு சேர்த்துக்கொண்ட பிறகு வருவது. கலாத்தியா சபையாரிடம் பவுல் கோபங்கொண்டதும் இதற்காகவே. கிறிஸ்துவினால் ஏற்கெனவே உள்ளே வந்தவர்களிடம், விருத்தசேதனமும் வேண்டும் என்று சிலர் மறுபடியும் வாசலில் நிபந்தனை வைத்தார்கள்.

ஆகையால் பிரியமானவர்களே, பிள்ளை சுகமில்லாதிருந்தால் முதலாவது டாக்டரிடம் காண்பியுங்கள். ஜெபக்குறிப்பை எங்களுக்கு எழுதுங்கள், அதனுடன் பணம் வைக்கவேண்டிய அவசியமில்லை. மனமகிழ்ச்சியாய் அனுப்புகிறவர்களுக்கு எங்கள் ஸ்தோத்திரம். பாக்கி என்று குறிப்பிட்டு வரும் தொகைக்கும் ரசீது அனுப்புவோம். அந்த ரசீதில் காணிக்கை என்று மட்டும் எழுதியிருக்கும்.