இன்சுலினின் மடிப்பைக் காட்டிக்கொடுக்கும் சுழலும் ஒளி

இன்சுலினை வெயில் படும் இடத்தில் வைக்கக்கூடாது, உறையவும் விடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அப்படி வைத்தால் மருந்துக்கு என்ன ஆகிறது?

இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். அது சரியாக மடிந்திருந்தால்தான் உடலில் வேலை செய்யும். கடும் வெப்பத்தில் அந்த மடிப்பு குலைந்துவிடலாம். சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாத இந்த மாற்றத்தை ஒளியைக் கொண்டே அறிய முடியும்.

வலமும் இடமும்

ஒளி ஓர் அலை. அதன் மின்புலத்தைத் திருகாணி போலச் சுழன்றபடி முன்னேறச் செய்யலாம். வலப்பக்கமாகவும் சுழற்றலாம், இடப்பக்கமாகவும் சுழற்றலாம். இதையே வட்டத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம்.

மூலக்கூறுகளிலும் இந்த வலம், இடம் உண்டு. வலக்கால் செருப்பு இடக்காலுக்குப் பொருந்தாதது போல, இரண்டும் ஒன்றல்ல. நம் உடலின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள், கிளைசின் நீங்கலாக, இடக்கை வகையைச் சேர்ந்தவை. எனவே புரதம் வலச்சுழல் ஒளியையும் இடச்சுழல் ஒளியையும் சம அளவில் உறிஞ்சுவதில்லை. ஒளி உறிஞ்சுதலில் இப்படி ஒரு வேறுபாடு உண்டு என்பதை 1895இல் பிரான்சின் எய்மே காட்டன் சில டார்ட்ரேட் கரைசல்களில் கண்டறிந்தார். இதற்கு வட்ட இருநிறத்தன்மை என்று பெயர்.

வரைபடம் சொல்லும் செய்தி

கருவி இருவகை ஒளியையும் மாறி மாறிக் கரைசலுக்குள் அனுப்பி, உறிஞ்சப்பட்ட அளவுகளின் வேறுபாட்டை வரைபடமாக்குகிறது. புரதங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பயன்படுகிறது. ஆல்ஃபா சுருள் வடிவம் இருந்தால் 208, 222 நானோமீட்டர் அலைநீளங்களில் இரண்டு பள்ளங்கள் விழும். பீட்டா தகடு வடிவத்துக்கு 218க்கு அருகே ஒரே பள்ளம்தான்.

நல்ல இன்சுலினில் சுருள்களே அதிகம். அது கெட்டு நார்களாகத் திரளும்போது தகடு வடிவம் பெருகுகிறது, வரைபடமும் மாறிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் இன்சுலினைப் போலவே மற்றொன்று தயாரிக்கும்போது, இரண்டும் ஒரே விதமாக மடிந்துள்ளனவா என்று ஒப்பிடவும் இம்முறை உதவுகிறது.

ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பதை இது காட்டாது. அதற்கு எக்ஸ் கதிர்ப் படிகவியல் போன்ற முறைகள் வேண்டும். ஆனால் இதற்குப் படிகம் தேவையில்லை. சிறிதளவு கரைசலே போதும்.

இந்தச் சோதனையை நாம் வீட்டில் செய்ய முடியாது. தெளிந்த மருந்தாகத் தெரிவதால் மட்டும் அது நல்ல மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், உறைபெட்டிக்கு வெளியே வைப்போம்.