சிறு காயமும் முதல் மருந்தும்



ஜிந்துப்பிட்டியின் தெருக்களை அறிந்தவர்க்கு அங்குள்ள நெருக்கத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கைவண்டிகளும் பாரவண்டிகளும் ஓயாது செல்லும் அவ்வொடுங்கிய வழிகளிலேதான் எம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கின்றனர். அங்கேயே விளையாடியும் வருகின்றனர். முழங்காலிற் சிராய்ப்போ பாதத்தில் வெட்டோ இன்றி ஒரு கிழமை கழிவது அரிது. இத்தகைய காயங்களுக்கு எந்தக் கிருமிநாசினியை வீட்டில் வைத்திருத்தல் நன்று எனப் பெற்றோர் பலர் என்னை வினவியதுண்டு. நான் மருத்துவன் அல்லேன். எனினும், ஒரு மாணவனிடம் நான் கற்ற பாடத்திலிருந்து இவ்வினாவுக்கு விடை காண முயல்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் நொண்டியவாறு வகுப்புக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றுவித்துப் பார்த்தபோது பாதம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மூன்று நாட்களுக்கு முன் துருவேறிய ஆணியை மிதித்திருக்கின்றான். “வீட்டில் ஏன் சொல்லவில்லை, தம்பி?” என்றேன். “சொன்னால் அம்மா ஸ்பிரிட் ஊத்துவா, சேர். எரியும்” என்றான். வைத்தியசாலையிற் சேர்த்து அவனைக் குணப்படுத்தினோம். ஆயினும் காயத்தைவிட மருந்துக்கு அஞ்சிய அப்பிள்ளையின் முகம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

எரிந்தாற்றான் மருந்து வேலை செய்கின்றது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அஃது எத்துணை உண்மை? 1865ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில், வண்டிச் சில்லேறிக் காலெலும்பு முறிந்து வெளித்தோன்றிய ஒரு சிறுவனின் புண்ணுக்கு, ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் காபோலிக் அமிலம் தோய்ந்த கட்டினை இட்டார். அக்காலத்தில் அத்தகைய காயம் பெரும்பாலும் காலையோ உயிரையோ கொண்டுபோகும். அச்சிறுவனோ காலை இழவாமற் பிழைத்தான். கிருமிநாசினியின் பெருமை உலகெங்கும் பரவியது. ஆயினும் அவ்வமிலம் தோலையும் தசையையும் புண்படுத்துவதை லிஸ்டரே கண்டார்.

பின்னர் முதலாம் உலகப் போரின்போது, பிரான்சில் காயமுற்ற வீரரிடையே பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங் மற்றொன்றைக் கண்டறிந்தார். ஆழ்ந்த புண்களில் ஊற்றப்பட்ட கடுமையான கிருமிநாசினிகள், மறைவிடங்களில் ஒளிந்த கிருமிகளை எட்டவில்லை; அவற்றோடு பொருதும் வெண்குருதிக் கலங்களையே அழித்தன. பகைவனைத் தேடிச் சென்று காவற்காரனைக் கொன்ற கதை அது.

ஆகவே சிறு காயத்திற்கு முதல் மருந்து நீரே. முதலில் நம் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். பின்னர், குடிப்பதற்கேற்ற தூய நீரைச் சில நிமிடங்கள் காயத்தின்மேல் ஓடவிட்டு, மண்ணும் தூசும் அகலச் செய்தல் வேண்டும். குழாய் நீரில் ஐயமிருப்பின் கொதித்தாறிய நீர் சாலும். குருதி வடியுமாயின் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். இறுதியில் தூய கட்டினால் மூடி, நனைந்தால் மாற்றுதல் நன்று.

இதன்பின் கிருமிநாசினி வேண்டுமாயின், பொவிடோன் அயடீன், குளோர்ஹெக்சிடின் ஆகிய இரண்டில் ஒன்றை மெல்லப் பூசலாம். அயடீன் ஒவ்வாதவரும் தைரொயிட்டு நோயுள்ளவரும் முன்னதைத் தவிர்த்தல் நலம். டெற்றோல் போன்றவற்றை, போத்தலிற் குறித்த அளவு நீர் கலவாமற் காயத்திலிடலாகாது. ஸ்பிரிட்டும், நுரைத்தெழும் ஐதரசன் பேரொட்சைட்டும் கிருமியோடு ஆறும் தசையையும் தாக்குவன. திறந்த புண்ணுக்கு அவை வேண்டா. பழைய வீடுகளிற் காணப்படும் மேர்க்குரோகுரோம் என்னும் சிவப்பு மருந்தில் பாதரசம் உண்டு, அதனையும் விலக்குக. நிலம் கழுவும் பினாயிலை உடலில் தீண்டவும் விடாதீர். கோப்பித்தூளும் சாம்பலும் குருதியை நிறுத்துவதுபோற் தோன்றினும், அழுக்கையும் கிருமியையும் புண்ணுக்குள் புகுத்துவனவே.

எந்தப் போத்தலாலும் இயலாத இரண்டு செயல்களையும் சொல்லுதல் வேண்டும். ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் மண்ணில் உறைவன. ஆணி குத்திய ஆழத்தில், காற்றுப் புகாவிடத்தில் அவை பெருகும். மேலே பூசும் மருந்து அங்கே செல்லாது, தடுப்பூசியே காப்பு. நம் நாட்டிற் குழந்தைப் பருவத்திலும், பின்னர் பாடசாலையில் 7ஆம் தரத்திலும் அவ்வூசி ஏற்றப்படுகின்றது. அதன் பதிவேட்டைப் பெற்றோர் பேணி வைத்தல் கடன். மற்றையது நாய்க்கடி. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விசர்நாய்க்கடி நோய் தோன்றியபின் உயிர் தப்புதல் மிக மிக அரிது.

ஆழ்ந்த காயம், நில்லாத குருதி, பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியத்தை விடுத்து மருத்துவரை நாடுக. நீரிழிவு உள்ளவர் காலிற் பட்ட சிறு கீறலையும் சிறிதென்று எண்ணற்க.

பெற்றோரே, காயத்தோடு வரும் பிள்ளையை ஏசாது, முதலில் நீரால் ஆற்றுங்கள். மருந்துக்கு அஞ்சாத பிள்ளை காயத்தை மறைக்காது. மறையாத காயமே விரைவில் ஆறும்.